கடைசி நிமிடத்தில் கைநழுவிய கோப்பையும் லூயிஸ் அரகோனெஸும்

கேள்வி இதுதான்: "ஸ்பெயினில் கால்பந்து வீரராக ஆடி, பிறகு பயிற்சியாளராகவும் பெரிதாகச் சாதித்தவர்களில், குவார்டியோலாவைத் தவிர யாரைப் பற்றி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்?"

என் பதில் லூயிஸ் அரகோனெஸ். டெல் போஸ்கே, லூயிஸ் என்ரிக்கே, ஸாபி அலோன்சோ, உனாய் எமரி என்று வரிசையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லோருமே படிக்க வேண்டியவர்கள்தான். ஆனால் 2008 முதல் 2012 வரை ஸ்பெயின் அணி ஆடிய ஆட்டத்தைப் பார்த்து வாய் பிளந்த யாராக இருந்தாலும், அது எங்கிருந்து தொடங்கியது என்று தேடிப் போனால் இந்தக் கிழவரிடம்தான் வந்து நிற்பார்கள். 69 வயதில், நாடுகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையை (யூரோ) வென்றவர். அந்தக் கோப்பையை வென்ற அதிக வயதுப் பயிற்சியாளர் அவர்தான். நம் ஊரில் அவரைப் பற்றி அதிகம் பேச்சே இல்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1938 ஜூலை 28 அன்று ஓர்த்தலேசாவில் பிறந்தார். இன்று அது மாட்ரிட் நகரத்துக்குள் ஒரு பகுதி. அவர் பிறந்தபோது மாட்ரிட்டை ஒட்டிய தனிக் கிராமம். பிற்காலத்தில் பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஓர்த்தலேசாவின் ஞானி'. வீரராக இருந்தபோது இருந்த பெயர் வேறு: 'சபத்தோனஸ்', அதாவது பெரிய பூட்ஸ்காரர். பாதம் பெரியது, எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் ஃப்ரீ கிக்கை அந்தப் பாதத்தால் அடித்தால் அதுவும் பெரியது.

ஹெதாஃபேயில் தொடங்கி, 1958ல் ரியல் மாட்ரிட் அவரை வாங்கியது. டி ஸ்டெஃபானோ, புஷ்காஸ் போன்ற நட்சத்திரங்கள் இருந்த காலத்து ரியல் மாட்ரிட் அது. இளைஞனுக்கு அங்கே எங்கே இடம்? முதல் அணிக்கு ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல், ஊர் ஊராகச் சின்னக் கிளப்புகளுக்குக் கடன் கொடுக்கப்பட்டு, ஒவியேதோ, பெத்திஸ் என்று சுற்றி, 1964ல் அட்லெடிகோ மாட்ரிட்டுக்கு வந்து சேர்ந்தார். அங்கேதான் ஆணி அடித்தது போல உட்கார்ந்தார். வீரராகப் பத்து ஆண்டுகள், மூன்று லீக் பட்டங்கள் (1966, 1970, 1973), இரண்டு ஸ்பெயின் கோப்பைகள். 1969-70 பருவத்தில் 16 கோல்கள் அடித்து, காராத்தே, அமான்சியோ என்ற இரண்டு வீரர்களோடும் லீக்கின் அதிக கோல் அடித்தவர் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார். 1966 அக்டோபரில் மன்சானரெஸ் ஆற்றங்கரையில் அட்லெடிகோ புதிய மைதானம் திறந்தபோது, வலென்சியாவுக்கு எதிராக அங்கே விழுந்த முதல் கோல் அவருடையது. பிறகு விசென்தே கால்தெரோன் என்று பெயர் பெற்றது அந்த மைதானம்தான். அட்லெடிகோவின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தில் அரை நூற்றாண்டு அவர் பெயர் இருந்தது. 2024 ஜனவரியில்தான் கிரீஸ்மான் அதைத் தாண்டினார்.

சரி, இப்போது 1974 மே 15க்கு வருவோம். இந்த ஓர் இரவைச் சொல்லாமல் அரகோனெஸைச் சொல்ல முடியாது.

பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் ஹைசல் மைதானம். கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையின் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதி ஆட்டம். ஒரு பக்கம் பயெர்ன் மியூனிக்: பெக்கன்பாவர், கெர்ட் முல்லர், செப் மையர், ஹோனஸ். அடுத்த சில வாரங்களில் மேற்கு ஜெர்மனிக்காக உலகக் கோப்பையைத் தூக்கப்போகிறவர்கள். இன்னொரு பக்கம் முதன்முறையாக இறுதிக்கு வந்த அட்லெடிகோ. 90 நிமிடம் கோல் இல்லை. எக்ஸ்ட்ரா டைம், கூடுதலாக முப்பது நிமிடம். 114வது நிமிடத்தில் பெனால்டி பாக்ஸுக்கு வெளியே அட்லெடிகோவுக்கு ஒரு ஃப்ரீ கிக். எட்டு எண் போட்ட லூயிஸ் வந்து நிற்கிறார். முப்பத்தாறு வயதை நெருங்கும் கால். பெரிய ஓட்டம் இல்லை. பந்து, எதிரணி வீரர்கள் வரிசையாக நின்ற சுவரைத் தாண்டி வளைந்து உள்ளே போகிறது. செப் மையர் அசையவே இல்லை. நின்ற இடத்தில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய படச்சுருளைத் தேடிப் பாருங்கள். உலகத்தின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர் ஒரு பந்தைக் கண்ணால் மட்டும் வழியனுப்புவது அதில் தெளிவாகத் தெரியும்.

இன்னும் ஆறு நிமிடம். அதைக் கடந்துவிட்டால் ஐரோப்பாவின் சாம்பியன்.

கடைசி நிமிடத்தில் பந்து ஷ்வார்சன்பெக் காலில் கிடைத்தது. அவர் பெக்கன்பாவருக்குப் பின்னால் நின்று அழுக்கு வேலை செய்யும் தடுப்பாட்டக்காரர். கோல் அடிப்பது அவர் வேலையே அல்ல. எதிரே ஆட்கள் வராததால் நடந்து வந்து, வெகு தூரத்தில் இருந்து ஓங்கி அடித்தார். பந்து தரையோடு தரையாகப் போய் மூலையில் விழுந்தது. 1-1. அப்போது இறுதி ஆட்டத்துக்குப் பெனால்டி ஷூட்அவுட் கிடையாது, மறுபடி ஆட வேண்டும். இரண்டு நாள் கழித்து நடந்த மறு ஆட்டத்தில் பயெர்ன் 4-0 என்று முடித்துவிட்டது. நொந்துபோன அட்லெடிகோவுக்கு அன்றிலிருந்து 'எல் பூப்பாஸ்' என்று ஒரு பெயர். எப்போதும் அடிபட்டுக்கொண்டே இருக்கும் துரதிர்ஷ்டசாலி என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஷ்வார்சன்பெக் கோலைத் தடுக்க முடியாமல் போன அட்லெடிகோ கோல்கீப்பர் பெயர் மிகேல் ரெய்னா. பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

சில மாதங்களில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1974 நவம்பரில் அணியின் அர்ஜென்டினப் பயிற்சியாளர் லொரென்சோ விலக, கிளப் தலைவர் விசென்தே கால்தெரோன் வெளியே ஆள் தேடவில்லை. லூயிஸை அழைத்து நீயே பயிற்சியாளர் என்று சொல்லிவிட்டார். போன வாரம் வரை கூட ஆடியவர், கூடச் சாப்பிட்டவர், உடை மாற்றும் அறையில் பக்கத்தில் உட்கார்ந்து கிண்டல் செய்தவர் இந்த வாரம் முதலாளி. அந்த அறைக்குள் வந்து அவர் சொன்ன முதல் விஷயமாக இன்றும் ஸ்பெயினில் சொல்லப்படுவது இது: இனிமேல் என்னை 'நீ' என்று கூப்பிடக் கூடாது, 'நீங்கள்'.

ஸ்பானிய மொழியிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் என்று இரண்டு இருக்கிறது. 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். வாடா போடா என்று பழகிய நண்பனை ஒரே இரவில் வாங்க போங்க என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதிலும் அழகு என்னவென்றால், அவரும் வீரர்களை உஸ்தெத் என்றே கூப்பிட்டார். பதினெட்டு வயதுப் பையனாக இருந்தாலும் நீங்கள்தான். கத்தும்போதும் நீங்கள்தான், கெட்ட வார்த்தையில் திட்டும்போதும் நீங்கள்தான். வலென்சியாவில் பிரேசில் நட்சத்திரம் ரொமாரியோவிடம், நான் பேசும்போது என் கண்ணைப் பாருங்கள் என்று கறாராகச் சொன்னது கேமராவில் பதிவாகியிருக்கிறது. அதிலும் அந்த மரியாதை விகுதி விழவில்லை. மரியாதையைக் கேட்டு வாங்கியவர் அதே அளவு கொடுக்கவும் செய்தார் என்பதுதான் அவர் பயிற்சியாளர் வாழ்க்கையின் அடித்தளம் என்று நான் நினைக்கிறேன்.

புதிய பயிற்சியாளருக்கு முதல் பரிசு உடனே வந்தது. ஐரோப்பிய சாம்பியனும் தென் அமெரிக்க சாம்பியனும் மோதும் இன்டர்கான்டினென்டல் கோப்பைக்கு பயெர்ன் வர மறுத்தது. அதனால் இறுதியில் தோற்ற அட்லெடிகோ போனது. 1975 மார்ச்சில் அர்ஜென்டினாவில் இன்டிபென்டியன்டேயிடம் 1-0 தோல்வி, ஏப்ரலில் மாட்ரிட்டில் 2-0 வெற்றி. ஐரோப்பியக் கிளப் கோப்பையை ஒருமுறைகூட வெல்லாமல் உலக சாம்பியன் பட்டம் பெற்றது ஒரே ஒரு கிளப்தான், அது அட்லெடிகோ. (மாட்ரிட்டில் ஒரு கோல் அடித்தவர் இருரேத்தா. அவரும் பிறகு பயிற்சியாளராகி 2000ல் டெபோர்டிவோ லா கொருன்யாவுக்கு அதன் ஒரே லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். அந்த அட்லெடிகோ அணி பயிற்சியாளர் பட்டறையாகவும் இருந்திருக்கிறது.) 1976ல் ஸ்பெயின் கோப்பை, 1977ல் லீக்.

அடுத்த முப்பது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் அவர் போகாத கிளப் இல்லை. பெத்திஸ், பார்சிலோனா, எஸ்பான்யோல், செவியா, வலென்சியா, ஒவியேதோ, மயோர்கா. நடுநடுவே திரும்பத் திரும்ப அட்லெடிகோ. 1985ல் அட்லெடிகோவோடு கோப்பை வென்றார், அடுத்த ஆண்டு ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பையின் இறுதியில் டைனமோ கீவிடம் 3-0 என்று தோற்றார். 1987-88ல் பார்சிலோனாவுக்குப் போய் ஸ்பெயின் கோப்பையை வென்று கொடுத்தார். அந்த ஆண்டுதான் பார்சிலோனா வீரர்கள் ஒரு ஓட்டலில் கூடி, கிளப் தலைவர் நூன்யெஸ் பதவி விலக வேண்டும் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். 'எஸ்பேரியா கலகம்' என்பார்கள். பயிற்சியாளர் யார் பக்கம்? வீரர்களோடு அதே மேடையில் போய் உட்கார்ந்தார். வேலை போகும் என்று தெரியாதவரா? அந்தப் பருவம் முடிந்ததும் அவர் இடத்துக்குப் பயிற்சியாளராக க்ராய்ஃப் வந்தார், மீதி எல்லோருக்கும் தெரிந்த கதை.

இந்த நீண்ட காலத்தில் அவர் அணிகள் ஆடிய விதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இறங்கி அடைத்துக்கொண்டு, பந்து கிடைத்தவுடன் மின்னல் போலப் பாய்வது. கவுன்ட்டர் அட்டாக். அட்லெடிகோவின் ரத்தத்திலேயே ஊறிய ஆட்டம் அது. அதில் அவர் மன்னர். 1992 ஜூன் 27 அன்று நடந்த ஸ்பெயின் கோப்பை இறுதி அதற்கு உச்சம். எதிரணி ரியல் மாட்ரிட், ஆடுகளம் ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானமான பெர்னபேயூ. ஆட்டத்துக்கு முன் பலகையில் படம் வரைந்து திட்டத்தை விளக்கினார். புரிந்ததா என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். இதெல்லாம் ஒன்றுக்கும் உதவாது என்று சொல்லிவிட்டு, நீங்கள் அவர்களைவிடச் சிறந்தவர்கள், இந்த மைதானத்தில் இவர்களிடம் தோற்றுத் தோற்று எனக்கு வெறுத்துப் போய்விட்டது என்று கொட்டித் தீர்த்தார். அந்த அறையில் இருந்த போர்ச்சுகல் வீரர் ஃபூத்ரே பல வருடம் கழித்தும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஷூஸ்டர் ஒரு ஃப்ரீ கிக்கில், ஃபூத்ரே ஒரு பாய்ச்சலில், அரை மணி நேரத்துக்குள் 2-0. ஆட்டம் அப்படியே முடிந்தது.

மயோர்காவில் இருந்தபோது எட்டோவோடு நடந்ததும் அவரைக் காட்டும். கேமரூன் நாட்டு இளைஞன் எட்டோ, ஆட்டத்தின் நடுவில் தன்னை வெளியே எடுத்ததற்குக் கோபப்பட்டான். லூயிஸ் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினார். கோடி பேர் பார்த்த காட்சி அது. அந்த எட்டோதான் வாழ்நாள் முழுவதும் அவரை வீட்டுப் பெரியவரைப் போல மதித்துப் பேசினார். 2000-01 பருவத்தில் அந்தச் சின்னத் தீவுக் கிளப் லீக்கில் மூன்றாவது இடம் பிடித்தது. அதோடு சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பும் கையில் இருக்கும்போது, அவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டாம் பிரிவில் விழுந்து கிடந்த அட்லெடிகோவுக்குத் திரும்பிப் போனார். சாம்பியன்ஸ் லீக்கை விட்டுவிட்டு இரண்டாம் பிரிவு. 2002ல் மேலே கொண்டுவந்து சேர்த்தார். அந்த அணியில் பதினேழு பதினெட்டு வயதில் முகத்தில் புள்ளிகளோடு ஒரு பையன் இருந்தான், பெயர் ஃபெர்னாண்டோ டோரஸ்.

2004ல் ஸ்பெயின் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. 66 வயது ஆகிறது. அப்போதைய ஸ்பெயினின் நிலை இன்றைய தலைமுறைக்குத் தெரியாது. 1964 ஐரோப்பியக் கோப்பைக்குப் பிறகு ஒரு பட்டம் கிடையாது. எல்லாப் போட்டிக்கும் பெரிய எதிர்பார்ப்போடு வந்து காலிறுதியோடு ஊருக்குப் போகும் அணி. 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் இருந்து அவர்களுக்கு 'ஃபூரியா' என்று ஒரு பெருமை. ஆவேசம், வெறி, உடல் பலம். ஆனால் ஜெர்மானியர்களோடும் இத்தாலியர்களோடும் உடல் பலத்தில் மோதினால் ஒவ்வொரு முறையும் சறுக்கியது.

அவர் தொடங்கியதே மோசமாக. 2004 அக்டோபரில் ஒரு பயிற்சியின்போது இளம் வீரர் ரேயெஸை உசுப்பேற்றுவதற்காக, ஆர்சனலில் அவரோடு ஆடிய தியெரி ஆன்ரியைப் பற்றி நிறவெறிச் சொல் ஒன்றைச் சொன்னார். தொலைக்காட்சி கேமரா பிடித்துவிட்டது. அடுத்த மாதம் மாட்ரிட்டில் ஸ்பெயினும் இங்கிலாந்தும் ஆடியபோது, பார்வையாளர்கள் இங்கிலாந்தின் கறுப்பின வீரர்களைப் பார்த்துக் குரங்குச் சத்தம் எழுப்பினார்கள். ஸ்பெயின் கால்பந்து சங்கம் லூயிஸுக்கு விதித்தது 3,000 யூரோ அபராதம் மட்டும். அவர் நிறவெறியர் இல்லை என்று எட்டோ போன்றவர்கள் அவருக்காகப் பேசினார்கள். அவரை நேசிக்கும் எனக்கு இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் விட்டுவிட முடியாது. வீரரை ஊக்குவிக்கத்தான் சொன்னேன் என்பது சமாதானம் ஆகாது. அந்தச் சொல் தவறு, அந்த அபராதம் கேலிக்கூத்து. அவர் வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கறை இருந்துதான் ஆக வேண்டும்.

2006 உலகக் கோப்பையில் முதல் சுற்றில் மூன்று ஆட்டமும் வெற்றி. ஜோராகப் போகிறது என்று நினைக்கும்போது ஹானோவரில் ஜிடானின் பிரான்ஸ் 3-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில் பெல்ஃபாஸ்ட்டில் வட அயர்லாந்திடம் 3-2 தோல்வி, டேவிட் ஹீலி தனியாளாக மூன்று கோல். அக்டோபரில் ஸ்வீடனிடம் 2-0. பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. வயதாகிவிட்டது, போய்விடு என்றார்கள்.

அப்போது அவர் செய்த காரியம்தான் இந்தப் பதிலை எழுத வைத்தது.

முதலாவது, ராவுலை அணியில் இருந்து எடுத்தார். ராவுல் சாதாரண வீரர் இல்லை. ரியல் மாட்ரிட்டின் முகம், 102 ஆட்டம், 44 கோல், நாட்டின் கேப்டன். பெல்ஃபாஸ்ட் ஆட்டம்தான் அவருக்குக் கடைசி. நாடே கொந்தளித்தது. மைதானத்தில் லூயிஸ் தலை தெரிந்தாலே ராவுல் ராவுல் என்று கூச்சல். ஒரு முறை வாதம் செய்ய வந்தவர்களிடம் திருப்பிக் கேட்டார்: ராவுல் எத்தனை உலகக் கோப்பை ஆடினார்? மூன்று. எத்தனை ஐரோப்பியக் கோப்பை? இரண்டு. அதில் எத்தனை வென்றார்? கொடூரமான கேள்விதான், ஆனால் யாரிடமும் பதில் இல்லை.

இரண்டாவது, அதைவிடப் பெரியது. முப்பது ஆண்டுகளாகத் தனக்குச் சோறு போட்ட கவுன்ட்டர் அட்டாக்கைத் தூக்கிப் போட்டார். கையில் இருப்பவர்களைப் பார்த்தார். ஸாவி, இனியெஸ்டா, ஃபேப்ரிகாஸ், சில்வா, கசோர்லா. பெரும்பாலும் ஐந்தே முக்கால் அடியைத் தாண்டாத குள்ளர்கள். 'பஹீத்தோஸ்' என்பார்கள், குட்டிப் பசங்க என்று அர்த்தம். மற்றப் பயிற்சியாளர்கள் இவர்களில் ஒருவரைப் போட்டு, பக்கத்தில் இரண்டு தடியர்களைக் காவலுக்கு நிறுத்துவார்கள். இவர் எல்லாரையும் ஒன்றாக இறக்கினார். எதிரியிடம் பந்து இருந்தால்தானே உடல் பலம் பேசும்? பந்தையே கொடுக்காவிட்டால்? அணிக்கு 'லா ரோஹா', சிவப்பு அணி, என்ற பெயரைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். ஆவேசத்தின் பெயரை மாற்றிவிட்டு ஒரு நிறத்தின் பெயரை வைத்தார்.

மாற்றம் கண்ணுக்குத் தெரிந்த நாள் 2007 அக்டோபர் 13, டென்மார்க்கின் ஆர்ஹுஸ். தோற்றால் ஐரோப்பியக் கோப்பைக்குத் தகுதி பெறுவதே சிக்கல். டோரஸ்கூட அன்று இல்லை. ஸாவி, இனியெஸ்டா, ஃபேப்ரிகாஸ் மூவரும் மிட்ஃபீல்டில், அதாவது நடுக்களத்தில். இரண்டாவது கோல் வரும் விதத்தைப் பாருங்கள்: இருபதுக்கும் மேற்பட்ட பாஸ்கள், வலமிருந்து இடம், இடமிருந்து வலம், டென்மார்க் ஆட்கள் பந்தைத் துரத்தித் துரத்திக் களைத்து நிற்க, கடைசியில் வலது பக்கத் தடுப்பாட்டக்காரர் செர்ஹியோ ராமோஸ் எங்கிருந்தோ உள்ளே ஓடிவந்து கோல்கீப்பருக்கு மேலாகத் தூக்கிப் போடுகிறார். 3-1 வெற்றி. அடுத்த பல ஆண்டுகள் உலகம் பார்க்கப் போவதன் முன்னோட்டம் அந்த ஒரு கோலில் முழுசாக இருக்கிறது. இந்த ஆட்டத்தோடு பலரும் சேர்த்துச் சொல்லும் குவார்டியோலா, பார்சிலோனாவின் முதல் அணிக்குப் பயிற்சியாளராக வந்தது 2008 கோடையில். தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பார்சிலோனாவில் அந்த நாட்களில் ஸாவியைப் பற்றிய பேச்சு அவ்வளவு உற்சாகமாக இல்லை. 28 வயதாகிவிட்டது, விற்றுவிடலாமா என்றுகூடச் சிலர் எழுதினார்கள். லூயிஸ் அவரை அழைத்து, இங்கே அதிகாரம் உங்களுடையது, யாராவது திட்டினால் என்னைத் திட்டட்டும் என்று சொன்னதை ஸாவியே பிற்காலத்தில் நெகிழ்ந்து எழுதினார். கவனித்தீர்களா, அங்கேயும் 'உங்களுடையது'.

2008 ஐரோப்பியக் கோப்பை ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் நடந்தது. ரஷ்யாவை 4-1, அதில் ஸ்ட்ரைக்கர் வியா தனியாளாக மூன்று கோல். ஸ்வீடன், கிரீஸ் இரண்டையும் 2-1. அப்புறம் காலிறுதி, எதிரே உலக சாம்பியன் இத்தாலி, தேதி ஜூன் 22. ஸ்பெயின்காரர்களுக்கு அந்தத் தேதியைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். 1986 ஜூன் 22 அன்று பெல்ஜியத்திடம், 1996 ஜூன் 22 அன்று இங்கிலாந்திடம், 2002 ஜூன் 22 அன்று தென் கொரியாவிடம். மூன்றும் காலிறுதி, மூன்றும் பெனால்டி ஷூட்அவுட் தோல்வி. இப்போது நான்காவது முறையாக அதே தேதியில், கோல் இல்லாமல் 120 நிமிடம் முடிந்து, மறுபடி பெனால்டி! கோல்கீப்பர் கசியாஸ் இரண்டைத் தடுத்தார். கடைசிப் பந்தை எடுத்துக்கொண்டு போனவர் இருபத்தொரு வயது ஃபேப்ரிகாஸ். உள்ளே. அந்தத் தேதியின் சாபம் அன்றோடு ஒழிந்தது.

அரையிறுதிக்கு மஞ்சள் சட்டை போட வேண்டி வந்தது. லூயிஸுக்கு மஞ்சள் நிறம் ஆகவே ஆகாது, ராசி இல்லாத நிறம் என்று உறுதியாக நம்பியவர். மஞ்சள் இல்லை, இது கடுகு நிறம் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டார். ரஷ்யாவை 3-0 என்று ஊதித் தள்ளினார்கள்.

இறுதி ஆட்டம் ஜூன் 29, வியன்னா, ஜெர்மனி. நமக்கு நள்ளிரவு தாண்டி 12.15க்குத் தொடங்கியது, மறுநாள் திங்கட்கிழமை. அன்று விழித்திருந்தவர்களில் நானும் ஒருவன், அந்தத் தூக்கம் போனதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. ஆட்டத்துக்கு முன் அறையில் நடந்ததை வீரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஜெர்மனியின் கேப்டன் பாலக்கைப் பற்றி எச்சரித்துப் பேசும்போது, லூயிஸ் திரும்பத் திரும்ப 'வாலஸ்', 'வாலஸ்' என்றே சொல்லியிருக்கிறார். பாலக் என்று திருத்தியும் வாலஸ்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். 44 ஆண்டுகள் காத்திருந்த நாட்டின் இறுதி ஆட்டத்துக்கு அந்தப் பையன்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். பெயர் நிஜமாகவே வாயில் வரவில்லையா, வேண்டுமென்றே செய்தாரா என்று இன்னும் பேச்சு நடக்கிறது. 1992ல் பலகையைப் பயனில்லை என்று தள்ளிய மனிதர் இவர். வேண்டுமென்றே என்பது என் கட்சி.

33வது நிமிடம். ஸாவி இடுக்கில் தள்ளிவிட்ட பந்து. ஜெர்மனியின் தடுப்பாட்டக்காரர் லாமுக்கு வெளிப்பக்கமாகச் சுற்றி ஓடிய டோரஸ், முன்னால் விழுந்து தடுக்க வந்த கோல்கீப்பர் லேமனுக்கு மேலாக லேசாகத் தூக்கினார். பந்து மெதுவாக, பதறவைக்கும் அளவுக்கு மெதுவாக உருண்டு உள்ளே போனது. 1-0. இரண்டாம் பிரிவுக்கு இறங்கிப் போய் அந்தக் கிழவர் ஆட வைத்த அதே புள்ளிமுகப் பையன். அன்று ஸ்பெயினின் மாற்றுக் கோல்கீப்பர்களில் ஒருவர் பெப்பே ரெய்னா. ஆம், 1974 மே 15 அன்று கடைசி நிமிட கோலைத் தடுக்க முடியாத மிகேல் ரெய்னாவின் மகன். வியன்னாவில் பதக்கத்தோடு நின்ற அந்த மகனையும், பக்கத்தில் வீரர்கள் மேலே தூக்கிப் போட்டுப் பிடித்த அந்த முதியவரையும் ஒன்றாகப் பார்த்தபோது மிகேல் ரெய்னாவுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

போட்டி முடிந்ததும் விலகுவது முன்பே முடிவான விஷயம். துருக்கியின் ஃபெனர்பாசேவில் ஒரு பருவம் இருந்தார், அது சரிப்படவில்லை. அதற்குப் பிறகு எந்த அணிக்கும் பயிற்சி கொடுக்கவில்லை. ஸ்பெயின் அணி டெல் போஸ்கேயிடம் போனது. அவரும் முன்னாள் வீரர், அமைதியான மனிதர், பெரிய பயிற்சியாளர். அவர் பெருமையைக் குறைப்பது என் நோக்கமே இல்லை. கட்டி முடித்த வீட்டை இடிக்காமல், தேவையான இடத்தில் மட்டும் கை வைக்கவும் பக்குவம் வேண்டும். ஆனால் 2010 உலகக் கோப்பை இறுதியில் இறங்கிய பதினொருவரில் பீக்கே, புஸ்கெட்ஸ், பேத்ரோ மூவரைத் தவிர மற்ற எட்டுப் பேரும் 2008 அணியில் இருந்தவர்கள். 2007 பிப்ரவரியில் ஓல்ட் டிராஃபோர்டில் இங்கிலாந்தை வென்றதில் தொடங்கி, 2009 ஜூனில் அமெரிக்காவிடம் தோற்கும் வரை 35 ஆட்டங்கள் ஸ்பெயின் தோற்கவே இல்லை. அந்தத் தொடரின் பெரும் பகுதி லூயிஸ் காலத்தது.

2014 பிப்ரவரி 1 அன்று ரத்தப் புற்றுநோயால் மாட்ரிட்டில் இறந்தார். 75 வயது. மறுநாள் அட்லெடிகோ ரியல் சொசியேதாதை 4-0 என்று வென்று, 1996க்குப் பிறகு முதல் முறையாக லீக்கின் உச்சியில் போய் உட்கார்ந்தது. மே மாதம் பட்டத்தையும் வென்றது. அதே மே 24, லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் இறுதி, ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக. சரியாக நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அட்லெடிகோ மறுபடி அந்த மேடையில். வீரர்களின் சட்டையில் கழுத்துப் பகுதியில் லூயிஸ் பெயரைத் தைத்திருந்தார்கள். அட்லெடிகோவின் கோடின் 36வது நிமிடத்தில் தலையால் அடித்து 1-0. நேரம் ஓடுகிறது, 90 தாண்டுகிறது. 93வது நிமிடத்தில் ஒரு கார்னர், ரியல் மாட்ரிட்டின் செர்ஹியோ ராமோஸ் எழும்பி அடித்தார். 1-1. எக்ஸ்ட்ரா டைமில் ரியல் மாட்ரிட் 4-1 என்று வென்றது. அந்த ராமோஸைப் பதினெட்டு வயதில் தேசிய அணிக்கு முதன்முதலில் அழைத்தவர் லூயிஸ் அரகோனெஸ்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று கேட்டால், 2008 இறுதியை அல்ல, அதற்கு முந்தைய ரஷ்யா அரையிறுதியை எடுங்கள். முதல் பாதியிலேயே வியாவுக்கு அடிபட்டு, இன்னொரு ஸ்ட்ரைக்கரை இறக்காமல் மிட்ஃபீல்டர் ஃபேப்ரிகாஸை இறக்குகிறார். இரண்டாம் பாதி தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் இடது பக்கத்தில் இருந்து இனியெஸ்டா, நடுவில் ஓடிவரும் ஸாவி. கோல் விழுந்ததும் கேமரா பயிற்சியாளர் பக்கம் போகிறதா பாருங்கள். ட்ராக்சூட் போட்ட, பெரிய மூக்குக் கண்ணாடி அணிந்த தாத்தா ஒருவர் அங்கே இருப்பார்.